நாற்பத்தேழு வீடியோக்களும் ஒரு மலையும்

பம்புத் தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் அவருக்கு வேலை. ஒரு பெட்டி குண்டூசி வாங்குவதென்றாலும் மூன்று கடையில் கொட்டேஷன் கேட்பார், மூன்றையும் கட்டம் போட்டு ஒப்பிடுவார், ஒப்பிட்டதை மறுபடி சரிபார்ப்பார். அதற்குள் குண்டூசி கேட்டவர் ஓய்வு பெற்றுப் போயிருப்பார். அலுவலகத்தில் அவருக்கு 'மூணு கொட்டேஷன்' என்றே பெயர். கேலிக்கு வைத்த பெயரை அவர் பட்டமாக எடுத்துக்கொண்டார். வாழ்க்கையில் ஒப்பிட்டுப் பார்க்காமல் அவர் செய்த ஒரே காரியம் கல்யாணம்தான். நஷ்டமில்லாமல் முடிந்த ஒரே காரியமும் அதுதான் என்பது மட்டும் அவர் மூளைக்கு எட்டவில்லை.

அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு கையையும் ஊன்றி நாற்காலியை விட்டு எழுந்து, ஒரு சபதம் செய்தார்.

"இந்தத் தடவை அந்த மலை உச்சியைப் பார்க்காம விடறதில்ல!"

அந்த மலைக்கு ஒரு பழைய பாக்கி இருந்தது. கல்யாணமான புதிதில் அவரும் மனைவியும் அங்கே போனார்கள். செங்குத்தான கல்படிகள், உச்சியில் நான்கு பக்கமும் கம்பி போட்ட ஒரு மேடை. ஏறும் வழியில் ஒரு வளைவில் உட்காரக் கல் போட்டிருந்தார்கள். புது மாப்பிள்ளை உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழவில்லை. "பாதி மலை ஏறிட்டோம், போதும்மா, இறங்கிடலாம்" என்றார். அவள் அண்ணாந்து பார்த்தாள். வளைவு மறைத்தது. கூடவே இறங்கினாள்.

அன்றிலிருந்து இருபத்தைந்து வருஷம், யாராவது அந்த உச்சியில் எடுத்த படத்தைக் காட்டினால், "நாங்க பாதிதான் போனோம்" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. நாலு திட்டு திட்டியிருந்தால் அவருக்குத் தேவலை என்றிருக்கும்.

இப்போது அவள் வேலை பார்க்கும் தபால் நிலையத்தில் குடும்பத்தோடு சுற்றுலா போட்டிருந்தார்கள். அதே மலை. நாலு மாதம் இருந்தது. முழங்கால் வலி என்று போனவரின் காலை டாக்டர் தட்டிப் பார்த்தார்.

"மூட்டுல ஒண்ணும் இல்ல. அதைச் சுத்தி இருக்க வேண்டிய சதையிலதான் ஒண்ணுமே இல்ல. எடை ஏதாவது தூக்கிப் பழகுங்க."

அடுத்த வாரமே கெட்டில்பெல் வந்து இறங்கியது. பெயர்தான் பெரிது, கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு, அவ்வளவுதான். எட்டு கிலோ. கொண்டுவந்தவர் மூன்றாம் மாடி ஏறி வந்து வாசலில் வைத்துவிட்டு மூச்சு வாங்கினார்.

"எனக்கு இன்னிக்குப் பயிற்சி முடிஞ்சுது சார். நீங்க எப்ப?"

மனைவியும் அதையேதான் கேட்டாள்.

"எப்ப ஆரம்பிக்கிறீங்க?"

"முதல்ல சரியான வீடியோவைத் தேர்ந்தெடுக்கணும்."

"குண்டைத் தூக்கி இறக்கறதுக்கு வீடியோ எதுக்குங்க?"

"தப்பாத் தூக்கினா முதுகு போயிடும். அப்புறம் நீதான் என்னைத் தூக்கணும்."

"இப்ப மட்டும் யார் தூக்கறாங்களாம்?" என்றாள் அவள்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் டிவிக்கு எதிரே சோபாவில் அமர்ந்தார். மடியில் நோட்டு, கையில் ரிமோட். நோட்டில் கட்டம் போட்டார். பயிற்சியாளரின் குரல், பாட்டின் சத்தம், கேமராவின் கோணம், தரையில் விரித்த பாயின் நிறம் என்று ஒன்பது கட்டங்கள். ஒவ்வொரு வீடியோவையும் முழுசாகப் பார்த்துத்தான் மதிப்பெண் போட வேண்டும் என்று தனக்குத்தானே விதியும் வகுத்துக்கொண்டார்.

முதல் வீடியோவில் பயிற்சியாளர் கத்தினார். இரண்டாவதில் ரகசியம் பேசுவதுபோலப் பேசினார். மூன்றாவதில் ஆள் ரொம்ப இளசு, அவனுக்கு முழங்கால் வலியைப் பற்றி என்ன தெரியும்? நான்காவதில் பின்னால் ஒரு பூனை குறுக்கே போனது, கவனம் சிதறுகிறது. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்களே, இவருக்கு உலகத்தில் இருந்த அத்தனை கூடமும் கோணலாக இருந்தது.

கெட்டில்பெல் டிவிக்குப் பக்கத்தில் இருந்து அவரையே முறைத்துக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் அவரால் தாங்க முடியவில்லை. அதைக் காலால் உருட்டி உருட்டிச் சோபாவுக்குப் பின்னால் தள்ளிவிட்டார். அங்கேதான் அவள் சாயங்காலம் நின்று துணி மடிப்பாள்.

"இன்னிக்கு ஆரம்பிச்சாச்சா?" அவள் தினமும் கேட்டாள்.

"தேர்வு நடக்குது."

"எத்தனை பார்த்தீங்க?"

"பதினொண்ணு. ரெண்டு பரிசீலனையில இருக்கு."

மூன்றாவது வாரத்தில் அவள் கேட்பதை விட்டுவிட்டாள். ஜெயித்துவிட்டோம் என்று அவர் நினைத்தார். உண்மையைச் சொல்லிவிடலாமே. தேர்வு நடக்கிறவரை தன்னைச் சோம்பேறி என்று யாரும் சொல்ல முடியாது என்பது அவருக்குப் புரிந்துபோயிருந்தது. தேர்வை இழுத்தடித்தால் சுற்றுலா வந்துவிடும். வந்தால் மலை ஏறிப் பார்க்கலாம். முடியாவிட்டால் அதே கல் இருக்கிறது. நெஞ்சில் கை வைத்து ஒரு பெருமூச்சு விட்டால் போதும், அவள் கூடவே இறங்கி வந்துவிடுவாள். அன்றைக்கு வரவில்லையா?

இதை நினைத்தபோது அவருக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. அடுத்த வீடியோவைப் போட்டார்.

வேடிக்கை என்னவென்றால், நாளாக ஆக அவளுக்கும் ஆர்வம் வந்துவிட்டது. பின்னாலிருந்து குரல் கொடுப்பாள்.

"நேத்து வந்தாங்களே நரைச்ச முடி அம்மா, அவங்களை இன்னொரு தடவை போடுங்க."

"அவங்களுக்கு அறுபத்தொரு மார்க்தான் போட்டிருக்கேன்."

"பரவாயில்ல, மறுமதிப்பீடு பண்ணுங்க. நல்லா நிறுத்தி நிதானமாச் சொல்றாங்க."

அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "பார்த்தியா, உனக்கும் தேர்வு பண்ற ருசி வந்துடுச்சு!"

"ஆமாங்க. சோபாவுல உக்காந்திருந்தா இவ்வளவு நன்மை இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

"என்ன, மூச்சு வாங்கற மாதிரி பேசற?"

"போர்வை மடிக்கிறேன். கனமான போர்வை."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்ப வேண்டுமென்றால் அவர் உடம்பையே திருப்ப வேண்டியிருந்தது. அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளும் வழக்கம் அவருக்கு வெகுநாளாக இல்லை. டீ வந்தால் தோளுக்கு மேலே கையை நீட்டி வாங்கிக்கொள்வார். டீயைக் கொடுக்கும் கை யாருடையது, அது எப்படி இருக்கிறது என்று பார்த்து எத்தனையோ காலம் ஆயிற்று.

இரண்டாவது மாதக் கடைசியில் கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரர் மாடிப்படியில் வழிமறித்தார்.

"சார், கையைக் குடுங்க! உங்களைப் பார்த்துக் கத்துக்கணும்."

"எதை?"

"தினமும் ஆறு மணிக்கு டாண்ணு ஆரம்பிக்குது. தொம்… தொம்னு. என் வீட்டு ஃபேன் ஆடுது. முதல்ல சண்டைக்கு வரலாம்னுதான் இருந்தேன். கெட்டில்பெல் வாங்கியிருக்கீங்கன்னு என் வீட்டம்மா சொன்னா. இந்த வயசுல ஒருநாள்கூட விடாமப் பண்றீங்களே சார்!"

டிவியின் ஸ்பீக்கர் சத்தம் இவ்வளவு தூரம் கேட்கிறது போலிருக்கிறது என்று அவர் நினைத்தார். சொல்லியிருக்கலாம். ஆனால் வலிய வந்த பாராட்டை யார் திருப்பி அனுப்புவார்கள்?

"ஏதோ… என்னால முடிஞ்சது" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மரியாதைக்காக டிவி சத்தத்தைக் குறைத்தார். உடனே பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏங்க குறைச்சீங்க? எண்ணிக்கை கேக்கல."

"துணி மடிக்க எண்ணிக்கை எதுக்கு?"

"எத்தனை சட்டைன்னு தெரிய வேண்டாமா?"

நியாயமாகத்தான் பட்டது. மறுபடி கூட்டி வைத்தார். சுற்றுலாவுக்கு முதல்நாள் நாற்பத்தேழாவது வீடியோவுக்கு மதிப்பெண் போட்டுவிட்டு, முதல் மூன்று இடங்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டார். மூன்றும் சமமாக வந்திருந்தன.

மலை அப்படியேதான் இருந்தது. படிகள்தான் கூடிவிட்டதாக அவருக்குத் தோன்றியது. தபால் நிலையத்துக்காரர்கள் பேசிக்கொண்டே முன்னால் போய்விட்டார்கள். பஸ்ஸோடு வந்த வழிகாட்டி, "விசில் அடிச்சா எல்லாரும் இறங்கிடணும்" என்று சொல்லிவிட்டு அவர்களோடு போனார். கணவனும் மனைவியும் கடைசியில் ஏறினார்கள். தண்ணீர், குடை, துண்டு எல்லாம் இருந்த பையை அவள் ஒற்றைத் தோளில் போட்டிருந்தாள்.

வளைவு வந்தது. கல் வந்தது. அவர் உட்கார்ந்தார். நடிக்கத் தேவையே இருக்கவில்லை, நெஞ்சு நிஜமாகவே அடித்துக்கொண்டது.

"முடியலம்மா. போதும்… இறங்கிடலாமா?"

அவள் தண்ணீர் பாட்டிலை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தாள். நெற்றியைத் துண்டால் துடைத்துவிட்டாள். பிறகு பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

"நீங்க உக்காருங்க. நான் பார்த்துட்டு வந்துடறேன்."

"தனியாவா? உனக்கு மூச்சு வாங்காதா?"

"அதையெல்லாம் நாலு மாசமா உங்க முதுகுக்குப் பின்னாடி வாங்கி முடிச்சுட்டேன்."

அவருக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. நரைத்த முடி அம்மா. கனமான போர்வை. ஆடிய ஃபேன்.

"அப்ப நீ… தினமுமா?"

"நீங்க வீடியோ போட்டீங்க. நான் பண்ணினேன். நாற்பத்தேழும் பண்ணியாச்சு, சிலது ரெண்டு தடவை."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா வெட்கப்பட்டு டிவியை அணைச்சிருப்பீங்க. எனக்கு யார் வீடியோ தேடித் தருவா?"

கோபமில்லாமல்தான் சொன்னாள். அதுதான் அவரைச் சுட்டது. அவள் படியேறினாள். இரண்டு இரண்டு படியாக, கைப்பிடிக் கம்பியைத் தொடாமல் ஏறினாள். நேராக நிமிர்ந்த அந்த முதுகை அவர் இப்போதுதான் முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்தார். நாலு மாதம், தினமும் ஆறு மணிக்கு, இரண்டடி தூரத்தில் இருந்திருக்கிறாள். ஒரே ஒருநாள் கழுத்தைத் திருப்பியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்தே செய்திருக்கலாம். வளைவு அவளை மறைத்தது.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

"மேல வந்துட்டேங்க."

"அதுக்குள்ளயா?" என்று அவர் அண்ணாந்து பார்த்தார். "என்ன தெரியுது?"

"ஆறு தெரியுது. ரெண்டாப் பிரிஞ்சு மறுபடி சேருது. அந்தப் பக்கம் முழுக்க வயல். காத்து அப்படி அடிக்குது… நாம அன்னிக்குப் பாதியில திரும்பலீங்க. எண்ணிக்கிட்டே வந்தேன். அந்தக் கல்லுலேருந்து இங்க இருபத்திரண்டு படிதான்."

இருபத்தைந்து வருஷமாக ஒருத்தி, இருபத்திரண்டு படிக்காக, பாதி மலை என்று சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறாள். பாதி என்று சொல்லிக்கொடுத்ததும் அவர்தான்.

"இரு, நானும் வரேன்" என்றார்.

"மெதுவா வாங்க. நான் இங்கேயே நிக்கிறேன்."

எழுந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டார். இப்போது நிஜமாகவே ஏற வேண்டும் என்று இருந்தது. நாலு மாதத்தில் முதல் தடவையாக. ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினார். ஒன்பதில் நின்றார். பதினொன்றில் முழங்கால் கெஞ்சியது. பதினாலில் உட்கார்ந்தேவிட்டார். நிமிர்ந்தால் மேடையின் கம்பி தெரிந்தது, காற்றில் அடித்துக்கொண்ட அவள் புடவைத் தலைப்பு தெரிந்தது. எட்டே எட்டுப் படிகள். அவள் சொன்ன ஆறுதான் தெரியவில்லை.

அப்போது வழிகாட்டி விசில் அடித்தார். தபால் நிலையத்துக்காரர்கள் கூட்டமாக இறங்கி வந்தார்கள், அவருக்கு ஒதுங்கி வழிவிட்டு. கடைசியாக அவள் வந்தாள். அவரைப் பார்த்தாள், மேலே திரும்பி மீதிப் படிகளை எண்ணினாள். அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்க்காததுபோல இருந்துவிட்டு, கையைக் கொடுத்து ஒரே இழுப்பில் அவரைத் தூக்கி நிறுத்தினாள்.

"வாங்க போலாம். அடுத்த வருஷத்துக்குள்ள, எட்டுப் படிக்கு ஏத்த மாதிரி சின்ன வீடியோவா ஒண்ணு தேர்ந்தெடுத்துடுங்க."