மேனேஜரின் முதுகு

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. மூட்டு அறுவை சிகிச்சை முடிந்து, மூத்த மகள் வீட்டில் கைத்தடி இல்லாமலே நடக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டு மகிழ்ந்தோம். இங்கே எல்லோரும் நலம், நீங்கள் எங்களிடம் விட்டுப்போன உங்கள் பூனை மேனேஜரைத் தவிர. பதற வேண்டாம், இப்போது அவளும் நலம்தான்.

நான் ஓட்டல் வரவேற்பு மேஜையில் கருநீலக் கோட்டுப் போட்டு நிற்பவன் என்பது உங்களுக்குத் தெரியும். போன மாதம் மேலதிகாரி தனியே கூப்பிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்க, தோள் முழுக்கப் பொடுகு உதிருது" என்று ஒரு ஷாம்பூ பாட்டிலைக் கையில் கொடுத்தார். என் தலையில் முடியே இல்லை என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது, அவரே பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார். வீட்டுக்கு வந்து விசாரித்தால், நாற்காலியில் போடும் கோட்டின் மேல்தான் தினமும் மேனேஜர் படுக்கிறாளாம். முதுகெல்லாம் வெள்ளைச் செதில், வால் பக்கம் தொட்டால் எண்ணெய்ப் பிசுக்கு, முடி திரிதிரியாக ஒட்டிக் கிடக்கிறது. இனாமாக வந்த ஷாம்பூ வீணாவானேன் என்று அவளைக் குளியலறைக்குத் தூக்கிப் போனேன். என் கையில் விழுந்த கீறல்களைப் பற்றி எழுதப் போவதில்லை. மறுநாளே செதில் இரட்டிப்பாகி, தோல் சிவந்து, உங்கள் மகள் என்னோடு பேசுவதை நிறுத்தி, கடைசியில் கால்நடை மருத்துவரிடம் ஓடினோம்.

அந்த அம்மாள் ஷாம்பூ என்றதுமே பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "மனுஷங்க ஷாம்பூ பூனைக்கு ஆகவே ஆகாது சார். இவ அழுக்கா இல்ல. இடுப்பு வலிக்குது, உடம்பும் பெருத்துப் போச்சு. திரும்பி முதுகை நக்க முடியல, அதான் பிசுக்கு சேருது."

"வலிச்சா கத்தியிருப்பாளே?"

"பூனை சொல்லாது சார். மறைச்சு வச்சுக்கும்."

அத்தை, எனக்குச் சட்டென்று உங்கள் நினைவு வந்தது. மாடிக்கு ஏறும்போது பாதிப் படியில் நின்று, ஜன்னல் வழியே தெருவை வேடிக்கை பார்ப்பீர்களே. அந்த ஜன்னலில் எதிர்வீட்டுச் சுவர்தான் தெரியும். நாங்களும் வேடிக்கை என்றே நம்பினோம்.

வலிக்கு மாத்திரை, முதுகுக்கு நுரை மருந்து. குளிப்பாட்டக் கூடாது. முடியை விலக்கித் தோலில் படும்படி தடவி, காயும்வரை நக்கவிடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். முதலில் துண்டில் சுற்றிக் கைதியைப் போலப் பிடித்தேன். இப்போது பாட்டிலை எடுத்தாலே அவளாக வந்து மடியில் படுத்து முதுகைக் காட்டுகிறாள். எட்டாத இடத்தை இன்னொருவர் தடவிவிடுவதில் மானக்கேடு ஒன்றுமில்லை என்று புரிந்துவிட்டது போலிருக்கிறது. செதில் ஏறக்குறைய போய்விட்டது.

திரும்பி வந்ததும் மாடியிலேயே, முன்பு போல யார் தயவும் இல்லாமல் இருக்கப்போவதாகச் சொன்னீர்களாம். அதில் நான் தலையிட மாட்டேன். மேனேஜரைப் பத்திரமாக மாடியில் ஒப்படைக்கிறேன்.

அங்கே அனைவருக்கும் எங்கள் அன்பு.

உங்கள் ஆசியை எதிர்பார்க்கும்
மாப்பிள்ளை

பி.கு.: ஒப்படைக்க முடியாது. இந்த இடுப்போடு இனி படி ஏறவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே உங்கள் கட்டிலைக் கீழே, வெயில் வரும் அறையில் போட்டாகிவிட்டது. மருத்துவர் சொன்னது பூனையைப் பற்றி மட்டும்தான். வேறு யாரைப் பற்றியும் நாங்கள் பேசவில்லை.