பூட்டிய கணினியும் பள்ளிக்கூட ஆந்தையும்

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். நீங்கள் சௌக்கியம் என்று என் மகள் நாள் தவறாமல் போனில் சொல்லிவிடுவதால், அதை இன்னொரு முறை விசாரித்து உங்களைத் தொந்தரவு செய்யவில்லை.

மின்னஞ்சல் இருக்கும்போது இவர் ஏன் காகிதத்தில் எழுதுகிறார் என்று நீங்கள் நினைக்கலாம். நீங்கள் அன்போடு கொடுத்த மடிக்கணினி இப்போது ஒரு வேலையில் இறங்கியிருக்கிறது. அது முடியும்வரை அதன் மேல் கை வைக்க முடியாது, வைத்தால் சுடும். மத்தியானம் சாப்பிடும்போது ஆரம்பித்தது. இந்தக் கடிதம் முடிவதற்குள் முடிந்துவிடும் என்று நம்புகிறேன், கடிதம் நீளமாகத்தான் இருக்கும். இது ஒரு நன்றிக் கடிதம். நடுவில் வேறு மாதிரி தோன்றினாலும் விடாமல் படியுங்கள். நன்றி வந்துவிடும்.

நீங்கள் கடைசியாக வந்திருந்தபோது சாப்பாட்டு மேசையில் நாம் செய்துகொண்ட ஒப்பந்தம் ஞாபகம் இருக்கும். உங்கள் அத்தையின் தையல் கடையில் எம்பிராய்டரி மெஷின் நின்றுபோயிருந்தது. அதைச் செய்த கம்பெனி அதற்கு முன்பே நின்றுபோயிருந்தது. புது மெஷின் வாங்கித் தருகிறேன் என்று பெருந்தன்மையோடு சொன்னீர்கள். உங்கள் அத்தை வேண்டாம் என்றாள், காரணம் சொல்லவில்லை. ஒரு மெக்கானிக்கை அனுப்புகிறேன் என்றீர்கள். அவர் வந்தார், உங்கள் அத்தை அவருக்குத் தண்ணீர் கொடுத்து வாசலோடு அனுப்பிவிட்டாள். என் மேல் அவளுக்கு இருக்கும் நம்பிக்கை அப்படிப்பட்டது. கடைசியில் நீங்கள்தான் சொன்னீர்கள்: "பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள மெஷின் ஓடலைன்னா, கடையை மூடிட்டு ரெண்டு பேரும் எங்களோட வந்துடுங்க மாமா." என் மகள் உங்களை நன்றியோடு பார்த்தாள். நான் மெஷினைப் பார்த்தேன். உங்கள் அத்தை என்னைப் பார்த்தாள். அந்தக் கடையை அவள் கையிலிருந்து போகவிடுவதில்லை என்று அன்றைக்கே மனதுக்குள் முடிவு செய்தேன்.

மெஷினில் இரும்பெல்லாம் கல்லுப்போல இருந்தது. ஊசி எங்கே போக வேண்டும் என்று சொல்லும் சிப்தான் எல்லாவற்றையும் மறந்துவிட்டது. அந்த ஜாதிச் சிப்பை எனக்குத் தெரியும். தொலைபேசி இலாகாவில் அதோடு தினமும் மல்லுக்கு நின்றவன். அதற்குப் புதிதாகப் பாடம் எழுதிக் கொடுத்துவிட்டால் போதும். ஒரே சிக்கல், சிப்புக்கு எண்களைத் தவிர ஒன்றும் புரியாது. மனிதர்கள் 'நகர்த்து', 'கூட்டு', 'தாவு' என்று எழுதுவதை அதற்கு எண்ணாக மாற்றித் தர வேண்டும். முதலில் அதைக் காகிதத்தில் கையாலேயே செய்தேன். நடுவில் ஒரு வரியை நுழைத்தால் அதற்குக் கீழே இருக்கும் அத்தனை வரியும் ஒரு வீடு தள்ளிக் குடிபோய்விடும். 'தாவு' என்று எழுதிய இடமெல்லாம் பழைய விலாசத்துக்கே தாவும். இந்த மாற்று வேலையைச் செய்யும் நிரலுக்குத்தான் அசெம்பிளர் என்று பெயர். உலகத்தில் நல்ல அசெம்பிளர்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒன்றை எடுத்து உங்கள் கணினியில் போட்டுக்கொண்டால் காப்பி ஆறுவதற்குள் காரியம் முடிந்திருக்கும்.

அங்கேதான் உங்கள் முன்யோசனைக்கு முதல் நன்றி. போன வருஷம் அந்தக் கணினியைக் கொஞ்சம் வேகப்படுத்திப் பார்க்கலாம் என்று நான் முயன்றதும், அதில் நீங்கள் வைத்திருந்த ஆபீஸ் வேலை எல்லாம் கரைந்துபோனதும், நீங்கள் எழுந்துபோய் மாடியில் நின்றதும் எனக்கு மறக்காது. அதற்குப் பிறகு அதைப் பூட்டி, கடவுச்சொல்லை உங்களிடமே வைத்துக்கொண்டீர்கள். "இனிமே நீங்க எதையும் இன்ஸ்டால் பண்ண முடியாது மாமா, நிம்மதியா இருங்க" என்றீர்கள். நானும் கொஞ்ச நாள் நிம்மதியாக இருந்தேன்.

பூட்டாமல் விட்டது ஒன்றே ஒன்று: ஷெல் என்கிற கறுப்பு ஜன்னல். இந்தக் கோப்பை அங்கே வை, அந்தக் கோப்பை அழி என்று கணினிக்கு உத்தரவு போடுவதற்கான இடம். அதற்கென்று ஒரு மொழி உண்டு. அந்த மொழியில் அசெம்பிளர் எழுதுவது என்பது கேட் வாசலில் நிற்கும் காவலாளியிடம் ஆடிட்டர் வேலையைக் கொடுப்பது மாதிரி. அவர் மாட்டேன் என்று சொல்லமாட்டார். ஆனால் ஒவ்வொரு எண்ணுக்கும் எழுந்து நின்று, வணக்கம் வைத்து, பேர் கேட்டு, உள்ளே விசாரித்துவிட்டு வருவார்.

நான் அதில்தான் எழுதினேன். அசெம்பிளர் ஒரு பாடத்தை இரண்டு முறை படிக்க வேண்டும். முதல் முறை எது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, இரண்டாம் முறை என்ன சொல்லியிருக்கிறது என்று புரிந்துகொள்ள. இது எனக்கு எளிதாகவே பிடிபட்டது. உங்கள் மின்னஞ்சல்களை நான் அப்படித்தான் படிக்கிறேன். சொந்த அசெம்பிளர் என்பதால் கட்டளைகளைத் தமிழிலேயே வைத்துக்கொண்டேன். பிழை வந்தால் 'மன்னிக்கவும், இப்படியொரு கட்டளையை நான் கேள்விப்பட்டதில்லை' என்று மரியாதையாகச் சொல்லும்படி எழுதியிருந்தேன். இரண்டாவது வாரத்தில் அதை 'திரும்பவுமா?' என்று மாற்றிக்கொண்டேன்.

முதல் பெரிய பிழையில் உங்களுக்கும் பங்கு உண்டு. நாங்கள் இலாகாவில் 'இந்த இடம்' என்பதற்கு ஒரு நட்சத்திரக் குறி போடுவோம். ஷெல்லிடம் ஒரு நட்சத்திரத்தைக் காட்டினால், கணினியின் இந்த அறையில், அதாவது ஃபோல்டரில், இருக்கும் கோப்புகள் எல்லாவற்றையும் கேட்கிறீர்கள் என்று எண்ணி, எல்லாப் பேரையும் வரிசையாகக் கொண்டுவந்து கொட்டிவிடும். நான் வேலை செய்த அதே அறையில்தான் என் மகள் உங்கள் கல்யாணப் படங்களை வைத்து, ஒவ்வொன்றுக்கும் பேரும் வைத்திருந்தாள். ஆந்தையின் அலகுக்குப் பக்கத்தில் அசெம்பிளர் நின்றுபோய் எனக்குச் சொன்னது இது: 'மன்னிக்கவும், மாப்பிள்ளை-கோட்டு-பத்தவில்லை என்றொரு கட்டளையை நான் கேள்விப்பட்டதில்லை.' இதில் என் கருத்து எதுவும் கலக்கவில்லை. படத்தையும் எடுத்துப் பார்த்தேன். கோட்டு சரியாகவே இருந்தது, நீங்கள் மூச்சு விடாதவரை.

ஆந்தை என்று சொல்லிவிட்டேன். விளக்கிவிடுகிறேன். பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்துச் சீருடைச் சட்டைப் பையில் ஒரு ஆந்தைச் சின்னம் தைக்க வேண்டும். கடையின் பெரிய ஆர்டர் அதுதான். தலைமையாசிரியை நேரில் வந்து, திறப்பதற்குள் வராவிட்டால் வேறு இடத்தில் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிப் போனார். உங்கள் அத்தை 'பார்க்கலாம்' என்று சொல்லிவிட்டு எனக்குத் தேநீர் போடப் போய்விட்டாள். பக்கத்து ஜிப் கடைக்காரர் வேறு, நின்றுபோன மெஷினை எடைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று காலையிலும் மாலையிலும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மெஷினைப் பார்த்த பார்வையே தராசு மாதிரி இருந்தது.

ஷெல்லின் வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஷெல்லுக்குத் தானாக எதுவும் தெரியாது. ஒரு வார்த்தையை வெட்டக்கூட வெளியிலிருந்து ஒரு ஆளைக் கூப்பிடும். வெட்டி முடித்ததும் அனுப்பிவிடும். அடுத்த வார்த்தைக்கு அதே ஆளைத் திரும்பக் கூப்பிடும். அந்த ஆளைக் கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லலாமே என்று அதற்குத் தோன்றுவதே இல்லை. ஆகவே ஒரு ஆந்தை அசெம்பிள் ஆவதற்கு மத்தியானம் பூராவும் போய்விடும். அந்த நேரத்தில் சும்மா இருக்கிறீர்களே என்று உங்கள் அத்தை என் கையில் சட்டைகளைக் கொடுத்தாள். பட்டன் தைத்தேன். காஜா எடுக்கக் கற்றுக்கொண்டேன். எதிரும் புதிருமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளை, இலாகாவில் இருந்தவரை உங்கள் அத்தையோடு நான் பகலில் பேசியதெல்லாம், வீட்டு லைன் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கக் கூப்பிட்டபோதுதான். அவளுக்கு இவ்வளவு சிரிக்கத் தெரியும் என்பது எனக்குப் புதுச் செய்தி. நல்ல அசெம்பிளர் ஒன்று கிடைத்திருந்தால் இது நடந்திருக்காது. இதற்கும் நன்றி.

அப்புறம் வந்ததுதான் பெரிய வினை. எனக்கு எண்கள் ஒரே அகலத்தில் நிற்க வேண்டும். எட்டு என்றால் வெறும் எட்டாக எழுதமாட்டேன். முன்னால் பூஜ்யங்கள் போட்டு வரிசையில் நிறுத்துவேன். இலாகா பழக்கம். ஆனால் அப்படி நிறுத்திய சின்ன எண்களில் எட்டோ ஒன்பதோ வந்தால், ஷெல் இது எண்ணே அல்ல என்று திருப்பியனுப்பிவிட்டது. எல்லாருக்கும் ஏதாவது ஒன்று பிடிக்காமல் இருக்கும், இதற்கு எட்டும் ஒன்பதும் போலிருக்கிறது என்று நானும் பெரிய மனது பண்ணி, அந்த இரண்டும் வராதபடி ஆந்தையையே திருத்தி வரைந்தேன். அதற்குப் பிறகு ஒரு முணுமுணுப்பும் இல்லை. மெஷின் ஓடிற்று. ஆந்தை பிறந்தது. வலது பாதி அசல் ஆந்தை. இடது பாதி சுருங்கி, ஒரு கண் இடுங்கி, மொத்தத்தில் எதிரே இருப்பவரைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டிருந்தது.

நூலின் இழுவை சரியில்லை என்று நினைத்துக்கொண்டு, மாதிரிக்கு ஒன்றைத் தலைமையாசிரியையிடம் கொடுத்துவிட்டேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார், தூரப்பிடித்துப் பார்த்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "எங்க ஸ்கூல் ஆந்தை யாரையும் பார்த்துக் கண்ணடிக்காதுங்க." உங்கள் அத்தை துணி அலமாரிக்குப் பின்னால் போய் எதையோ தேட ஆரம்பித்தாள். அவள் தோள் மட்டும் குலுங்கியது. அவர் போனதும் வெளியே வந்து, "பாவம், அது உங்களைப் பார்த்துத்தாங்க கண்ணடிக்குது" என்றாள்.

அதற்கப்புறம் பள்ளிக்கூடம் திறக்க வாரம் ஒன்றுதான் பாக்கி. ஒன்றும் புரியவில்லை. ஜிப் கடைக்காரர் தராசைத் துடைத்துக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். சரி, மாப்பிள்ளையிடம் தோற்றுவிட்டோம் என்று உங்களுக்குப் போன் போட்டேன். ஆனால் நீங்கள் போனை எடுத்த குரலைக் கேட்டதும் தைரியம் போய், என் நண்பர் ஒருவருக்கு ஷெல்லில் ஒரு சந்தேகம் என்று ஆரம்பித்தேன். உங்களுக்கு நினைவிருக்கிறதா தெரியவில்லை. நீங்கள் ஏதோ மீட்டிங்குக்கு நடந்துகொண்டே கேட்டீர்கள், கொட்டாவி விட்டீர்கள், சொன்னீர்கள்: "நம்பருக்கு முன்னாடி பூஜ்யம் போட்டிருப்பாரு மாமா. முன்னாடி பூஜ்யம் இருந்தா ஷெல்லு அதை எட்டெட்டா எண்ணும். பத்துன்னு எழுதினா எட்டுன்னு எடுத்துக்கும். பூஜ்யத்தை எடுக்கச் சொல்லுங்க." அப்புறம், "உங்க நண்பர் இதையெல்லாம் ஏன் ஷெல்லுல பண்றாரு?" என்று கேட்டீர்கள். அவர் வீட்டுக் கணினியை மருமகன் பூட்டி வைத்திருக்கிறார் என்றேன். "விவரமான மருமகன்" என்றீர்கள்.

ஆமாம் மாப்பிள்ளை, விவரமானவர்தான். நூறுக்குக் கீழே இருந்த எண்களுக்கெல்லாம் நான் பூஜ்யம் போட்டிருந்தேன். அவைதான் ஆந்தையின் இடது பாதி. பூஜ்யங்களைக் களைந்தேன். எட்டுக்கும் ஒன்பதுக்கும் மறுபடி இடம் கொடுத்தேன். அன்று மத்தியானம் முழுக்க அசெம்பிளர் ஓடியது. நான் ஒரு டஜன் சட்டைக்குக் காஜா எடுத்தேன். சிப்பைப் பொருத்தி மெஷினைத் தட்டியதும், இரண்டு கண்ணும் முழுக்கத் திறந்து, பரீட்சை ஹாலில் நிற்கும் வாத்தியார் மாதிரி ஒரு ஆந்தை வந்தது. தலைமையாசிரியை அதைப் பார்த்து, "இது எங்க ஆந்தை" என்றார். அவரே கொஞ்சம் பயந்த மாதிரி இருந்தது. நேற்றோடு எல்லாப் பைகளும் போய்ச் சேர்ந்துவிட்டன. பள்ளிக்கூடம் திங்களன்று திறக்கிறது. இப்போது கணினியில் ஓடிக்கொண்டிருப்பது யாரும் கேட்காத ஒரு மேம்பாடு.

ஆகவே ஒப்பந்தப்படி நாங்கள் உங்கள் வீட்டோடு வரவில்லை. இதை வருத்தமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் கூப்பிட்டதே பெரிது. கணினி கொடுத்ததற்கும், அதைப் பூட்டியதற்கும், கொட்டாவியோடு சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன். கடை உங்கள் அத்தையின் உயிர். அது உங்கள் தயவால் பிழைத்தது. இனி இங்கேயே இருந்துவிடுகிறோம்.

நீங்களும் என் மகளும் ஒரு குறையும் இல்லாமல், ஒருவர் சொல்வதை ஒருவர் இரண்டாம் முறையாவது கேட்டுக்கொண்டு, நீடூழி வாழ வேண்டும் என்று மனதார ஆசீர்வதிக்கிறேன்.

என்றும் நன்றியுள்ள,
மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் உங்கள் அத்தையிடம் படிக்கக் கொடுத்தேன். முழுக்கப் படித்துவிட்டு, மடித்து, என்னிடமே நீட்டினாள். "கடை என் உயிர்னு உங்களுக்கு யாரு சொன்னா?" என்றாள். எனக்கு உண்மையில் யாரும் சொல்லவில்லை. "பொண்ணு வீட்டுக்குப் போகணும்னு எனக்கு எப்பவோ ஆசை. அங்க எல்லாமே புதுசா இருக்கு. ரிப்பேர் பண்ண ஒண்ணும் இல்லாம நீங்க ரெண்டு நாள்ல வாடிப்போயிடுவீங்க. உங்க கைக்கு ஒரு வேலை இருக்கட்டும்னுதான் மெக்கானிக்கும் வேணாம், புது மெஷினும் வேணாம்னேன். இப்பதான் அந்தக் கம்ப்யூட்டர் இருக்கே. அது போதும், உங்க ஆயுசுக்கும் தாங்கும்."

மெஷினை ஜிப் கடைக்காரர் வாங்கிக்கொண்டார், எடைக்கு அல்ல, ஓடும் மெஷினுக்கு உண்டான விலைக்கு. இன்று காலையிலேயே பேசி முடித்துவிட்டாளாம். நாங்கள் வியாழக்கிழமை அங்கே வந்துவிடுகிறோம். உங்கள் வீட்டில் ஏதாவது பழுதாகியிருந்தால் யாரையும் கைவைக்கவிட வேண்டாம். ஒரு வேண்டுகோள்: நான் எவ்வளவு கெஞ்சினாலும் கணினியின் கடவுச்சொல்லை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.