துரை நடக்கும் நேரம்

சிவகாசிக்காரனைப் பார்த்து "சத்தம் போடாதே" என்று சொல்வதும் மீனைப் பார்த்து "நனையாதே" என்று சொல்வதும் ஒன்றுதான். நாங்கள் கல்யாணத்துக்கு வெடிப்போம், காதுகுத்துக்கு வெடிப்போம், பிடிக்காத பக்கத்து வீட்டுக்காரன் வீட்டைக் காலி செய்துகொண்டு போனால் அதற்கும் வெடிப்போம். இந்த ஊரைத் தினமும் ஒரு மணி நேரம் வாயை மூட வைத்த மனிதர் ஒருவர் உண்டு. கலெக்டரோ மந்திரியோ என்று நினைத்துவிட வேண்டாம். வெடித்துப் பார்ப்பதையே பிழைப்பாகக் கொண்ட சாம்பிள் அண்ணாச்சிதான் அவர். அதையும் அவர் ஒரு நாய்க்காகச் செய்தார்.

அண்ணாச்சியின் சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும். ஒரு பட்டாசுக் கம்பெனியில் அன்றன்று செய்த சரக்கிலிருந்து நாலைந்தை எடுத்துப் பின்பக்கப் பொட்டலில் பற்ற வைத்து, சத்தம் சரியாக இருக்கிறதா என்று காதால் கேட்டுச் சொல்வது அவர் வேலை. அவர் "பத்தலை" என்றால் லோடு ஏறாது. முதலாளியே வந்து நின்றாலும் ஏறாது.

நான் அவரைச் சந்தித்ததற்குக் காரணம் என் சர்க்கரை. அச்சகம் ஒன்றில் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்துக்குப் பொன்மொழியும் பாட்டி வைத்தியமும் எழுதுகிறவன் நான். தினமும் காலையில் கிழித்துப் போடுவதற்கென்றே எழுதுகிற எழுத்தாளன் தமிழ்நாட்டிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நாற்பத்தெட்டு வயதில் டாக்டர் என்னைப் பார்த்து, "உட்கார்ந்து எழுதினது போதும், எழுந்து நடங்க" என்றார். அது மருத்துவமா விமரிசனமா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

எங்கள் ஊரில் நடப்பதற்கு நிழல் உள்ள ஒரே இடம் மேற்கே இருக்கும் கண்மாய்க் கரை. வெயில் மற்ற ஊர்களுக்கு வந்துவிட்டுப் போகும். எங்களிடம் வாடகைக்குக் குடியிருக்கும். ஆனால் அந்தக் கரையில் மட்டும் புளியும் புங்கையும் மருதமும் கைகோத்து நிற்கும். கீழே தண்ணீர். ஒரு மைல் தூரத்துக்கு, நாம் எந்த மாவட்டத்தில் இருக்கிறோம் என்பதே மறந்துவிடும்.

கரைக்குப் போக ஒரு தார் ரோட்டைக் கடக்க வேண்டும். முதல் நாள் நான் போனபோது, அந்த ரோட்டோரம் ஒரு மனிதர் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார். இன்னொரு கால் செருப்பில்லாமல் ரோட்டின் மேல். வாய் எண்ணிக்கொண்டிருந்தது. ஏழு வந்ததும் துள்ளிக் குதித்துக் காலை இழுத்துக்கொண்டார். பின்னால், சுவர் நிழலில், வெள்ளை வெளேரென்று ஒரு ராஜபாளையம் நாய்.

"இன்னும் ஆறலை தொரை. பத்து வரைக்கும் காலு தாங்கணும். கொஞ்சம் பொறுங்க" என்றார் நாயிடம். பிறகு என்னிடம் திரும்பி, "என்னலே பாக்குற? நீயும் செருப்பக் கழத்தி வச்சுப் பாரு. வேண்டாம், நீ சுகரு. சுட்டாலும் ஒனக்குத் தெரியாது" என்றார்.

"எனக்கு சுகருன்னு எப்படிச் சொல்றீக அண்ணாச்சி?"

"ஆசைப்பட்டு நடக்கிறவன் நடை வேறலே. டாக்டரு சொல்லி நடக்கிறவன் நடை வேற."

நாய்க்கு 'பொறுங்க', எனக்கு 'ஏலே'. அன்று முதல் எங்கள் மூவருக்குள்ளும் மரியாதை வரிசை அதுதான்.

அவர் உலகத்தில் எதையும் சாம்பிள் பார்க்காமல் விடமாட்டார். டீக்கடையில் முதல் மடக்கைக் கண்ணை மூடிக் குடித்துவிட்டு, "பாஸ்" என்றால்தான் மாஸ்டர் அடுத்த ஆளுக்கு ஆற்றுவார். நாயின் தயிர்ச் சோற்றை முதலில் ஒரு வாய் தின்று பார்ப்பார். நான் பெருமையோடு காட்டிய ஒரு கட்டுரையை, புளியமரத்தடியில் நின்று கடைசி வரி வரை படித்தார்.

"திரி நீளமா இருக்கு. மருந்து கம்மி" என்றார்.

"அப்படின்னா?"

"பத்த வச்சிட்டு ஓடுறோம்லே. ஓடி, நின்னு, காத நல்லாப் பொத்திக்கிட்டு, திரும்பிப் பாத்தா... புஸ்ஸு."

என் எழுத்தைப் பற்றி இதைவிடத் துல்லியமான விமரிசனம் இதுவரை வந்ததில்லை.

காது என்றால் அப்படி ஒரு காது. கண்மாயைச் சுற்றி, அவர் கம்பெனி போக, ஐந்து பட்டாசு யூனிட்டுகள். கரையில் நடந்துகொண்டே, எங்கோ கேட்ட சத்தத்துக்கு, "இது வடக்கு யூனிட்டு. சரக்குல ஈரம் இருக்கு" என்பார். ஒரு நாள் அப்படிச் சொல்லிவிட்டு, நேராக அந்த வேற்றுக் கம்பெனி வாசலுக்கே போய், "ஏலே, இந்த லோட ஏத்தாத. மறுபடி காயப் போடு" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு வந்தார். மேனேஜர் பிரித்துப் பார்த்தார். ஈரம். அன்று தப்பியது ஒரு லாரி சரக்கு. போட்டிக் கம்பெனிக்காரர் நமக்கு ஏன் உதவினார் என்று அந்த மேனேஜர் ஒரு வாரம் தூங்கவில்லையாம். நான் கேட்டதற்கு அண்ணாச்சி, "சத்தம் யாரு போட்டா என்னலே, சரியாப் போடணும்ல" என்றார்.

இத்தனை சத்தத்துக்குச் சொந்தக்காரருக்கு வாய்த்த நாய்தான் துரை. ராஜபாளையம் என்றால் பன்றி வேட்டைக்குப் போகிற சாதி; புலியையே முறைத்துப் பார்க்கும் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். துரை கம்பி மத்தாப்பைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் போகும். வளர்த்தவர் "வேட்டைக்கு லாயக்கில்லை" என்று கழித்துவிட்டதை அண்ணாச்சி எடுத்து வந்தார். வாழ்நாள் முழுக்கச் சரக்கைக் கழித்துப் போட்ட மனிதர், கழித்துப் போட்ட ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தது அந்த ஒரு முறைதான். மனைவி இறந்து நாலு வருஷம். வீட்டில் அவருக்குத் துணை அது மட்டும்தான்.

வெயில் தாழ்ந்து ஐந்து மணிக்குத்தான் நாயை வெளியே கொண்டுவர முடியும். அண்ணாச்சி தன் கம்பெனி சாம்பிளை நாலு மணிக்கே முடித்துவிடுவார்; மற்ற ஐந்து யூனிட்டும் வெடிப்பது அந்த நேரத்தில்தான். முதல் சத்தத்துக்கே துரை நடுங்கிப்போய் அண்ணாச்சியின் வேட்டிக்குள் தலையை நுழைத்துக்கொள்ளும். ஆறு காலும் ஒரே தலையுமாகக் கரையில் நிற்கும் அந்த உருவத்தை அறியாதவர்கள் பார்த்தால் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். நடை குறைந்தது. சாப்பாடு குறைந்தது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, "இது இந்த ஊர்ல இருக்க வேண்டிய நாய் இல்லீங்க. சத்தமில்லாத ஊரா பாத்து யாருக்காவது குடுத்துருங்க. இல்லாட்டிப் பொழைக்காது" என்றார்.

அண்ணாச்சி எழுந்தார். "தொரை எங்கயும் போக மாட்டாரு. ஊருதான் திருந்தணும்."

மறுநாள் துரையையும் என்னையும் கூட்டிக்கொண்டு யூனிட் யூனிட்டாக ஏறினார். முதலில் வடக்கு யூனிட். லாரி சரக்கு தப்பிய அதே மேனேஜர்.

"ஒரு நாய்க்காகச் சாம்பிள நிறுத்தச் சொல்றீகளா அண்ணாச்சி?" என்று சிரித்தார் அவர்.

"நாய விடுலே. அஞ்சரைக்கு வேன் வருது. வேலை முடிஞ்ச பொம்பளைக அம்புட்டுப் பேரும் கரையோரந்தான் நிக்கிறாக. ஒவ்வொரு சத்தத்துக்கும் திரும்பிப் புகை வருதான்னு பாக்குறாக. இது நீ போட்ட சாம்பிளா, வேற ஏதுமான்னு தெரியாம நெஞ்சப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாக. எல்லாரும் ஆறு மணிக்கு மேல போடுங்க. அந்த ஒரு மணி நேரம் அவுக நிம்மதியா வேன் ஏறட்டும்."

மேனேஜர் சிரிப்பதை நிறுத்தினார். அவருடைய அம்மாவும் திரி கட்டியவர்தான்.

வெளியே வந்ததும் நான், "எப்படி அண்ணாச்சி இப்படி ஒரு பாயின்ட்டப் புடிச்சீக?" என்றேன்.

"தொரைக்காகத்தான்லே வந்தேன்" என்றார் சற்று வெட்கத்தோடு. "பேசப் பேசத்தான் தெரிஞ்சது, சொல்றது நெசம்னு."

ஐந்து யூனிட்டும் ஒப்புக்கொண்டன. அதற்குப் பிறகு ஐந்து முதல் ஆறு வரை அந்தக் கரையில் மைனாக்கள் பேசுவது கேட்டது. துரை வாலைத் தூக்கிக்கொண்டு, தண்ணீரில் தன் நிழலைப் பார்த்தபடி, கப்பம் வசூலிக்க வந்த வெள்ளைக்காரன் மாதிரி நடந்தது. வேனுக்கு நிற்கும் பெண்கள், "தொரை வாராக, வழி விடுங்கடி" என்பார்கள்.

இனிதான் நான் தலைகுனிய வேண்டிய இடம்.

போன மாசியில் அண்ணாச்சி ஓய்வு பெற்றார். கம்பெனி ஆட்கள் அவருக்கு ஒரு வழியனுப்பு விழா வைக்க முடிவு செய்தார்கள். திரிக்கட்டு செக்‌ஷன் மாரியக்காதான் எல்லாவற்றுக்கும் தலைமை. இடம், அவருக்குப் பிடித்த கண்மாய்க் கரை. நேரம், அவர் தவறாமல் வருகிற ஐந்தரை. மாலை, சால்வை, லட்டு, மைக் எல்லாம் யோசித்தார்கள். பேச்சு எழுதும் பொறுப்பு எனக்கு. கடைசியாக, ஊர் வழக்கப்படி, பத்தாயிரம் சரவெடி. அண்ணாச்சி கையால் பாஸ் பண்ணின சரக்கு. புளியமரத்திலிருந்து மருதமரம் வரை கரையோரம் நீட்டிப் போட்டார்கள். முப்பது பேர் இருந்தோம். முப்பது பேருக்கும் அந்த ஒரு மணி நேரத்துக் கட்டுப்பாடு தெரியும். ஒருவருக்கும் தோன்றவில்லை. வெடியில்லாமல் ஒருவருக்கு எப்படி மரியாதை செய்வது என்று எங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அண்ணாச்சி வந்தார். மாலை விழுந்தது. சால்வை விழுந்தது. யாரோ பற்ற வைத்தார்கள்.

முதல் வெடியிலேயே துரை கழுத்துப் பட்டையை உருவிக்கொண்டு பறந்தது. இரண்டாவது வெடியில் மாரியக்கா தலையில் அடித்துக்கொண்டு, "ஐயையோ, பாவிக, தொரைய மறந்துட்டமே!" என்று கத்தினாள். மீதம் ஒன்பதாயிரத்துச் சொச்சம் இருந்தது. ஓடுகிற சரத்தை யார் நிறுத்துவது? குடத்துத் தண்ணீரை எடுத்து ஊற்றினார்கள். அண்ணாச்சி பாஸ் பண்ணின சரக்கு, தண்ணீருக்கெல்லாம் மசியவில்லை. அது முடியும்வரை, வெறும் பட்டையைக் கையில் பிடித்தபடி அவர் நின்றார்.

முடிந்ததும், அழுதுகொண்டிருந்த மாரியக்காவிடம், "நல்ல சத்தம் தாயி. ஒண்ணுகூட நமுக்கல" என்றார். பிறகு தண்ணீரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

மணி ஐந்தே முக்கால். ஆறு அடித்தால் ஐந்து யூனிட்டும் தொடங்கும். அது தொடங்கினால் துரை மெயின் ரோட்டுக்குத்தான் ஓடும். அங்கே லாரிகள்.

"கத்திக் கூப்புடாதீக. இன்னும் பயப்படுவாரு" என்றார் அண்ணாச்சி. ஆகவே சிவகாசி வரலாற்றில் முதன்முறையாக, முப்பது பேர் ஒரு கண்மாய்க் கரையில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "தொரை... தொரை, வாங்க..." என்று ரகசியம் பேசிக்கொண்டே நடந்தார்கள். அன்று வேன் தாமதம்; அதற்கு நின்ற பெண்களும் தூக்குச்சட்டியோடு சேர்ந்துகொண்டார்கள்.

யூனிட்டுக்குள் செல்போன் கூடாது. வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஆகவே நான் என் மொபெட்டை எடுத்தேன். நாலு யூனிட் வாசலிலும் விஷயத்தைச் சொன்னேன். நாலிலும் மறுபேச்சில்லை. ஐந்தாவது வடக்கு யூனிட். ஆறுக்கு மூன்று நிமிடம். பொட்டலில் வடநாட்டிலிருந்து வந்த பெரிய பார்ட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வத்திக்குச்சியோடு ஓர் ஆள்.

"சார், நிறுத்துங்க! அண்ணாச்சி தொரை ஓடிப்போச்சு!"

மேனேஜர் என்னைப் பார்த்தார், பார்ட்டியைப் பார்த்தார். "ரயிலுக்கு நேரமாச்சு, இப்பவே பாக்கணும்ங்கிறாரு. வருசத்துலயே பெரிய ஆர்டரு" என்றார். ஒரு மூச்சு விட்டார். பிறகு வத்திக்குச்சியைத் தானே வாங்கி ஊதி அணைத்தார். அவருக்குத் தெரிந்த ஏழு இந்தி வார்த்தைகளில் நாய் இல்லை போலும். இரண்டு கையையும் தலையில் காதுபோல வைத்து, நாலு எட்டு ஓடிக் காட்டி, உதட்டில் விரலை வைத்தார். பார்ட்டி பயந்துபோய்த் தன் உதட்டிலும் விரலை வைத்துக்கொண்டார்.

"தொரை வீடு சேந்ததும் எனக்கு ஒரு போன் போடுங்க. வாசல்லயே நிக்கிறேன்" என்று நம்பரைத் தந்தார் மேனேஜர். "எங்க சத்தத்தக் கேட்டுட்டு மத்த நாலும் ஆரம்பிக்கட்டும். அப்படியே போற வழியில சொல்லிருங்க."

நான் திரும்பி வந்தபோது ஆறு தாண்டியிருந்தது. ஐந்து திசையிலும் சத்தமில்லை. ஒரு கொக்கு எழுந்து போனது. அதன் சிறகடிப்புக்கூடக் கேட்டது. மடைக்குப் பக்கத்தில் எல்லோரும் மூச்சைப் பிடித்து நின்றார்கள். கரைக்கு வெளிப்பக்கம், தண்ணீர் திறக்காமல் கசிவு மட்டும் இருந்த மடைக்குழாய்க்கு முன்னால், சாம்பிள் அண்ணாச்சி மாலையோடும் சால்வையோடும் சேற்றில் குப்புறப் படுத்திருந்தார்.

"பயலுக பிரியத்துல பண்ணிட்டானுக தொரை," என்று குழாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தார். "மனசுல வச்சுக்காதீக. வாங்க, போவோம். இனிமே நமக்கு வேலையில்ல. நாம ரெண்டு பேருந்தான்."

ரொம்ப நேரம் கழித்து ஒரு மூக்கு வந்தது. பிறகு, சற்று முன்புவரை வெள்ளையாக இருந்த ஒரு தலை. அது சுற்றுமுற்றும் பார்க்கவில்லை. நேரே சால்வைக்குள் நுழைந்துகொண்டது. முப்பது பேரும் சத்தமில்லாமல் கைதட்டினோம். அதாவது, தட்டுவதுபோல உள்ளங்கைகளைக் கிட்டே கொண்டுபோய் நிறுத்திக்கொண்டோம்.

அவர்களை வீடுவரை கொண்டுபோய் விட்டேன். அண்ணாச்சி கதவைத் திறந்தார். துரைக்குச் சட்டியில் தண்ணீர் வைத்தார். தானும் ஒரு செம்பை எடுத்து அண்ணாந்து குடித்தார். என் சட்டைப் பையில் போன் இருந்தது. வாசலில் நிற்கும் மேனேஜருக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

இரண்டு பேரும் குடித்து முடிக்கட்டும் என்று நான் காத்திருந்தேன்.