கடுக்காய்த் தண்ணீரும் நான்கு மண்வீடுகளும்

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் நின்றால் வாயே திறக்காதவள். (ரேஷன் கடையில்கூட எனக்குப் பின்னால் நிற்பவர்தான் எனக்காகப் பேசுவார்.) அப்படிப்பட்டவள் எழுத வந்துவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் தம்பி எழுதியிருந்தால் மானம் இன்னும் மோசமாகப் போயிருக்கும்.

தம்பி சேகருக்கு மதுராந்தகம் பக்கம் சின்னப் பண்ணை. சென்னைக்காரர்கள் வந்து தங்க அங்கே இரண்டு மண்வீடு கட்டியிருந்தான். ஏசி கிடையாது, சிமெண்ட் கிடையாது. அதற்கே கூட்டம். இன்னும் நான்கு கட்ட ஆசை, இடம்தான் இல்லை. ஒட்டியிருந்த நிலம் மயிலாப்பூரில் இருக்கும் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாருடையது. அவர் குத்தகைக்குத் தந்தால்தான் உண்டு. "மண் சுவர் ஒரு மழைக்குத் தாங்குமா?" என்று ஆறு மாதமாக இழுத்துக்கொண்டிருந்தார்.

சுவருக்குப் பூசும் சுண்ணாம்பைக் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைத்தால் கல் மாதிரி இறுகும். அதை அவர் வீட்டிலேயே செய்துகாட்ட சேகர் கிளம்பினான். துணைக்கு நான். ராயப்பேட்டையில் எங்கள் வீட்டில் இரண்டு எவர்சில்வர் தூக்குகளை நிரப்பியதும் நான்தான். ஒன்றில் கடுக்காய்த் தண்ணீர். இன்னொன்றில் வாத்தியார் வீட்டாருக்குப் பானகம். இரண்டும் ஒரே நிறம். அடையாளம் வைக்கத் தோன்றவில்லை. (தோன்றியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.)

கதவைத் திறந்ததுமே வாத்தியார் வீட்டு மாமி எச்சரித்தார். "அவருக்கு நாலு நாளா வயிறு சரியாப் போகலை. சிடுசிடுன்னு இருக்கார். பாத்துப் பேசுங்கோ."

நான் பேசவா போகிறேன்? டம்ளர்களில் ஊற்றிக் கொடுத்தேன். சார் ஒரு வாய் குடித்தார். முகம் சுருங்கியது.

"துவர்க்கறதே."

"பண்ணையில பண்ணதுன்னா இப்படித்தான் இருக்கும். கடைச் சக்கரைத் தண்ணியைக் குடிச்சு நமக்கு நாக்கு செத்துப்போச்சு" என்றார் மாமி.

அதற்குப் பிறகு சார் மருந்து மாதிரி இரண்டு டம்ளர் குடித்தார். சேகரும் ஒரு டம்ளரை மடக்கென்று குடித்தான். குனிந்து என் காதில், "யக்கா, இன்னா ஊத்திக்கீற நீ?" என்றான்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

வேறு வழியில்லாமல் சேகர் பானகத்தில் சுண்ணாம்பைக் குழைத்துச் செங்கல்லில் பூசினான்.

"ஏலக்காய் வாசனை வரதே" என்றார் சார்.

"நம்ம சுவரு அப்டித்தான் சார் மணக்கும்" என்றான் தம்பி, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

யோசித்துச் சொல்வதாக அனுப்பிவிட்டார். ஆட்டோவில் சேகர் தலையில் கை வைத்துக்கொண்டான். "பேதி புடிச்சிப் படுத்தார்னா நாலு வூடும் போச்சு. நீ இன்னாத்துக்குக்கா வந்த?" லஸ் முனை தாண்டுவதற்குள் ஆட்டோவை நிறுத்தி, ஒரு ஓட்டலுக்குள் ஓடினான். அவன் குடித்தது ஒரு டம்ளர்தான். சார் குடித்தது இரண்டு.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் நான் மோர் கொடுத்தால்கூட, "குடிக்கவா, பூசவா?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குகிறார்கள்.

வாத்தியார் வீட்டுக்குப் போய்வந்த மறுநாள் காலை நானே மாமிக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். வாழ்நாளில் நான் சேர்ந்தாற்போல் பேசிய முதல் நான்கு வாக்கியங்கள். மாமியோ, "விடிஞ்சதுலேர்ந்து நாலு தடவை போயிட்டு வந்துட்டார். முகமே தெளிஞ்சுடுத்து" என்றார். மத்தியானம் சார் குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். பானகத்தைச் சுவருக்குப் பூசக் கூடாது என்று அதில் தன் கைப்பட ஒரு வரி சேர்த்திருந்தார்.