ரஸ்மானே என்னை ‘ஐயா’ என்றான்

தூகான்,
முதல் மழை பெய்த வாரம்.

அபிஜான் நகரில் வாழும் என் மதிப்பிற்குரிய சம்பந்தியும், எங்கள் குலத்தின் பரம்பரை அடிமையும், குதிரைத் திருடர் வம்சத்தின் மூத்த வாரிசுமான திருவாளர் இசாகா நிகியேமா அவர்களுக்கு, உங்கள் சாமோ குலத்து எஜமான் சிமேயோன் பாரே எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் மனைவி மார்த்தாவும் கினிக்கோழிகளும் நலம். அங்கு நீங்களும், சம்பந்தியம்மாவும், உங்கள் மகனுக்கு வாழ்க்கைப்பட்டு மாட்டிக்கொண்ட என் மகளும், பேரப்பிள்ளைகளும் நலமாக இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன். பேரப்பிள்ளைகள் உடம்பில் பாதி சாமோ ரத்தம் என்பதால் அந்தப் பாதியாவது ஒழுங்காகப் படிக்கும் என்று நம்புகிறேன்.

நிற்க. உங்கள் தம்பி ரஸ்மானே என்னை ‘ஐயா’ என்று கூப்பிட்டுவிட்டான்.

பதறாதீர்கள், உட்கார்ந்து படியுங்கள். நானே இன்னும் நிற்க முடியாமல் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இதற்கெல்லாம் காரணம் ஒரு சினிமாப் படம். எல்லைக்கு அப்பாலிருக்கும் கோட்டோனு நகரிலிருந்து மதாம் அகோசு என்ற டைரக்டர் அம்மா இரண்டு லாரி நிறையச் சாமான்களோடு வந்து இறங்கினார். அறுநூறு வருஷத்துக்கு முந்தைய கதையாம். மோசி அரசனின் குதிரைவீரன் ஒருவன் சாமோ தலைவனின் மகளைக் காதலிக்கிறான், அதனால் இரண்டு குலமும் வெட்டிக்கொண்டு சாகிறது, கடைசியில் காதலர்களும் சாகிறார்கள், யாரும் மிச்சமில்லை. நல்ல கதைதான். குதிரைவீரர்களுக்கு ஊரிலிருந்த உங்கள் மோசி ஆட்களையும், வில்லாளிகளுக்கு எங்கள் ஆட்களையும் பிடித்தார். கிடங்கில் காலமெல்லாம் எள் மூட்டை எடைபோட்டு ஓய்வுபெற்ற எனக்கு, என் நடையில் ஒரு கம்பீரம் இருப்பதாகச் சொல்லி, சாமோ தலைவன் வேடம் கொடுத்தார். உங்கள் தம்பிக்கு மோசித் தளபதி வேடம். கடைசிப் போரில் அவன் என்னை ஈட்டியால் குத்திக் கொல்ல வேண்டும். சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவன் கையால் எனக்குச் சாவா என்று கேட்டேன். உன்னைக் கொல்ல ஈட்டி எதற்கு, பழைய டியூபே போதும் என்றான். அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

முதல் நாள் குதிரைப்படை பாய்ந்து வரவேண்டிய காட்சி. புழுதி கிளம்ப, ஈட்டி மின்ன, உங்கள் ஆட்கள் வந்த வேகத்தைப் பார்த்து நானே இரண்டடி பின்னால் நகர்ந்தேன். ஆனால் வில்லாளிகளுக்கு எதிரே வந்ததும் அத்தனை குதிரையும் நின்றது. முன்னால் வந்தவன் குனிந்து, காலையில் எந்த நாயைத் தின்றீர்கள், எனக்குத் தலையை எடுத்து வைத்தீர்களா என்று விசாரித்தான். எங்கள் பக்கத்திலிருந்து, அடிமை குதிரைமேல் உட்கார்ந்து எஜமானிடம் பேசுவதா, இறங்கடா என்றார்கள். அவனும் இறங்கினான். இறங்கிய கையோடு என் மருமான் தியோபில் அந்தக் குதிரையில் ஏறி, இது எங்களுடையதுதான் என்று சந்தைப் பக்கம் ஓட்டிக்கொண்டு போய்விட்டான். குதிரை வாடகைக் குதிரை. டைரக்டர் அம்மா ஒலிபெருக்கியில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனதுதான் மிச்சம். மறுநாள் காதல் காட்சி. உன் அப்பாவின் வாளால் என் நெஞ்சு பிளந்தாலும் உன் பெயரையே சொல்லும் என்று உங்கள் பக்கத்துப் பையன் கண்கலங்கிச் சொன்னான். தலைவன் மகளாக நடித்த எங்கள் கிளெமான்ஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு, முதலில் போய்க் குளி, குதிரை நாற்றம் தாங்கவில்லை என்றாள். அது வசனத்தில் இல்லை. பையனும் அவளும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்ததைப் பார்த்தால் யாருக்குமே அவர்கள் சாகப்போகிறவர்கள் என்று தோன்றாது.

இதற்கெல்லாம் சிகரம் என் மரணம். உங்கள் தம்பி குத்தினான், நான் விழுந்தேன், கோழி ரத்தம் வழிந்தது, எல்லாம் சரி. ஆனால் சாமோ ஒருவன் செத்தால் மோசிக்காரன் என்ன செய்வானோ அதைச் செய்யாமல் அவனால் இருக்க முடியுமா? ஈட்டியை எறிந்துவிட்டு என் செருப்பைக் கழற்றித் தன் காலில் மாட்டிக்கொண்டான். என் தொப்பியைப் போட்டுக்கொண்டு நான் நடப்பதுபோல வயிற்றைத் தள்ளி நடந்து காட்டினான். பிறகு என் பக்கத்திலேயே நீட்டிப் படுத்து, கினிக்கோழி கொடுத்தால்தான் பிணத்தை எடுக்க விடுவேன் என்று ஒப்பாரி வைத்தான். நான் சிரித்துவிட்டேன். மறுபடி எடுத்தார்கள், மறுபடியும் சிரித்தேன். பொழுது சாயும்வரை செத்துச் செத்துச் சிரித்தேன், சம்பந்தி.

டைரக்டர் அம்மா எங்கள் இருவரையும் வேப்பமரத்தடியில் உட்கார வைத்தார். பாவம், அழுகிற நிலையில் இருந்தார். நீங்கள் எதிரிகள் இல்லையா என்று கேட்டார்.

“எதிரிதாம்மா. அதனாலதான் சிரிக்கிறோம்,” என்றேன். “எங்க பாட்டனுங்க வெட்டிக்கிட்டது போதும்னு, இனிமே சண்டை வாயாலதான்னு வெச்சுட்டுப் போயிட்டாங்க. நான் இவனை அடிமைன்னு சொல்லலாம். இவன் என்னை நாய்தின்னின்னு சொல்லலாம். இவன் சாமானை நான் எடுத்துக்கலாம், என் சாமானை இவன் எடுத்துக்கலாம். ஆனா கோவம் மட்டும் வரக்கூடாது.”

“மரியாதையாப் பேசுனாத்தான் பயப்படணும்,” என்றான் உங்கள் தம்பி, சும்மா இருக்காமல்.

அந்த அம்மாவின் முகம் உடனே தெளிந்தது. “அப்படின்னா ஒண்ணு பண்ணுங்க. படம் முடியற வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் மரியாதையாப் பேசிக்குங்க,” என்றார்.

எல்லோரும் சிரித்தோம். ரஸ்மானே மட்டும் சிரிக்கவில்லை. நெஞ்சில் கைவைத்து வாக்குக் கொடுத்துவிட்டான். உங்கள் குலத்தைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை எழுத எனக்குக் கை கூசுகிறது, இருந்தாலும் எழுதுகிறேன். மோசிக்காரன் குதிரையைத் திருடுவான், கொடுத்த வாக்கைத் திருப்பி வாங்க மாட்டான்.

மறுநாள் காலை மார்த்தா தோ களி கிண்டிக்கொண்டிருந்தாள். அவன் சைக்கிளில் வந்தான். வழக்கமாக மணியை அடித்து, செத்துட்டியா, இல்ல இன்னும் மூச்சு இருக்கா என்று ஊருக்கே கேட்கக் கத்துவான். அன்றைக்குச் சைக்கிளை விட்டு இறங்கினான். தொப்பியைக் கழற்றினான். “காலை வணக்கம், ஐயா. வீட்ல எல்லாரும் நல்லாத் தூங்குனீங்களா?” என்றான். மார்த்தாவின் கையிலிருந்த துடுப்பு சட்டிக்குள் விழுந்துவிட்டது. யாருங்க செத்தது என்று கேட்டாள். சந்தையிலும் அப்படித்தான். அவன் எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றதைப் பார்த்து வெங்காயக்காரிகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நான் அவனை அடிமையே என்று கூப்பிட்டுப் பார்த்தேன், உன் அண்ணன் முகத்தைக் கழுதைகூடத் திரும்பிப் பார்க்காது என்று உங்களையும் இழுத்துப் பார்த்தேன். சொன்னதற்கு நன்றி ஐயா என்றான்.

அதுகூடப் பரவாயில்லை. இத்தனை வருஷத்தில் என் வீட்டிலிருந்து அவன் பறித்துக்கொண்டு போன சாமான்களை எல்லாம் ஒரு கூடையில் வைத்துத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டான். என் கல்யாணத் தொப்பி, மண்வெட்டி, டிரான்சிஸ்டர், இரண்டு ஜோடி செருப்பு. எல்லாவற்றையும் கழுவித் துடைத்திருந்தான். தொப்பிக்கு இஸ்திரி போட்டிருந்தான். வீட்டுக்குள் எடுத்துப்போக மனம் வராமல் கூடையை வாசல் கதவோரம் வைத்துவிட்டேன், இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அந்த வாரமே என் சாவைப் படமெடுத்தார்கள். மன்னிச்சுக்குங்க ஐயா என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத்தான் உங்கள் தம்பி குத்தினான். அப்படிப்பட்ட சாவை நான் எதிர்பார்க்கவில்லை. கண்ணீர் தானாக வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். சரி, இத்தோடு தொல்லை முடிந்தது என்று எழுந்தால், மழை பிடித்துக்கொண்டது. காதலர்கள் சாகிற காட்சி பாக்கி. லாரிகள் கோட்டோனுவுக்குத் திரும்பிவிட்டன. அறுவடைக்குப் பிறகு வருவோம் என்கிறார்கள், பணம் கிடைத்தால். ஆக, படம் முடியவில்லை. வாக்கும் முடியவில்லை.

இரண்டு நாளாக எனக்கு நெஞ்சில் ஒரு பிடிப்பு, வெளியே போகவில்லை. வைத்தியர் வாயு என்கிறார். எனக்கு மட்டும் அது என்னவென்று தெரியும். ஒருவேளை உண்மையாகவே நான் போய்விட்டால் உங்கள் தம்பி கைகட்டி நின்று அனுதாபம் சொல்வான், சம்பந்தி. என் செருப்பை எடுக்க ஆளில்லாமல், என்னைப் போல நடந்து காட்ட ஆளில்லாமல், ஏதோ அன்னியனைப் புதைப்பதுபோல என்னைப் புதைத்துவிடுவார்கள். அந்தப் பயத்தில்தான் எழுதுகிறேன். நீங்கள் அவனுக்கு அண்ணன். போனைப் போட்டு, சிமேயோனைத் திட்டு என்று உத்தரவிடுங்கள். ஒரே ஒரு தடவை நாய்தின்னி என்று சொன்னால் போதும், எழுந்துவிடுவேன்.

உங்கள் தானியக் குதிர் நிறையட்டும், எலி முதலில் வரட்டும். உங்கள் ஆயுள் நீளட்டும், என் தோட்டத்தில் வேலை பாக்கியிருக்கிறது. என் மகளுக்கு ஆசி. உங்கள் மகனுக்கு என் இரக்கம்.

இப்படிக்கு,
உங்களை அடித்து விற்க உரிமையுள்ள,
சிமேயோன் பாரே.

பின்குறிப்பு: மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். போனைப் போட்டு அவனை நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டு நாளாக நான் வெளியே வராததையும், கழுவிய தொப்பியும் மண்வெட்டியும் செருப்பும் வாசலில் கூடையில் இருப்பதையும் பார்த்து, செத்தவன் சாமானை எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று யாரோ சந்தையில் சொல்லிவிட்டார்கள். விடிந்ததும் உங்கள் தம்பி பறையும் கூட்டமுமாக வந்துவிட்டான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, ஆனால் வாய் ஓயவில்லை. வாக்கு உயிரோடு இருக்கிற எதிரிக்குத்தான், பிணத்துக்கு இல்லை என்கிறான். இரண்டு ஜோடிச் செருப்பும் போயிற்று, டிரான்சிஸ்டர் போயிற்று, மூன்று கினிக்கோழி போயிற்று. இப்போது வாசல்படியில் குறுக்கே படுத்துக்கொண்டு, நாய்த்தலை கொடுத்தால்தான் என்னைப் புதைக்க விடுவேன் என்கிறான். நான் சாகவில்லையடா என்று அவன் தலைமாட்டில் நின்று கத்திக்கொண்டிருக்கிறேன். “சாமோக்காரன் சொல்றதை எவன்டா நம்புவான்?” என்கிறான். நெஞ்சுப்பிடிப்பு விட்டுவிட்டது.