ஞாயிற்றுக்கிழமைத் தூக்கமும் பழைய இங்கிலீஷும்

இனி ஞாயிற்றுக்கிழமை என்றால் தூக்கம், தூக்கத்தைத் தவிர வேறெதுவும் கிடையாது என்று ஜெரால்ட் தீர்மானம் செய்துகொண்டான். வயது நாற்பத்தாறு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் பதினெட்டு வருஷம். ஆறு நாள் உலைச்சூட்டில் வெந்துவிட்டு வந்தால், ஏழாவது நாள் மனைவி ஹெலன் வேலை வைத்திருப்பாள். சர்ச்சிலிருந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் தொட்டி கழுவணும், ஒட்டடை அடிக்கணும், சோழவரத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போகணும். அவளும் பேக்கிங் கம்பெனிக்கு ஆறு நாள் போகிறவள்தான். அவளுக்கு அலுப்பே வராது. அதுதான் அவனுக்கு அலுப்பு.

அந்த நேரம் பார்த்து ஆலையில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். ஷிப்ட் இன்சார்ஜ் வேலைக்குப் பரீட்சை. இங்கிலீஷில் ரிப்போர்ட் எழுதத் தெரியவேண்டும். ஜெரால்டுக்கு அந்த வேலை வேண்டாம், நோட்டீஸ் மட்டும் போதும். பழைய பேப்பர் கடையில் அட்டை கிழிந்த இங்கிலீஷ்-தமிழ்ச் சொற்புத்தகம் ஒன்றைத் தேடிப் பிடித்தான்.

“பரிச்சைக்குப் படிக்கணும். ஃபேனப் போட்டுகினு கதவச் சாத்திக்கிறேன். யாரும் கூப்டாதீங்க.”

“பேரு குடுத்துட்டியா?” என்றாள் ஹெலன்.

“குடுத்தாச்சு.”

இரண்டு ஞாயிறு நிம்மதியாகக் குறட்டை விட்டான். மூன்றாவது ஞாயிறு ஹெலன் நாற்காலியோடு உள்ளே வந்து, அவன் முகத்தின்மேல் கவிழ்ந்து கிடந்த புத்தகத்தை எடுத்தாள். எப்போது பிரித்தாலும் அது ஒரே பக்கத்தில்தான் திறக்கும்: ‘உண்டாக்குதல், விளைவித்தல் பற்றிய பழங்காலச் சொற்கள்’. தூக்கம் வரும்வரை பார்த்துப் பார்த்து அந்த ஒரு பக்கம் மட்டும் அவனுக்கு மனப்பாடம்.

“நீ சொல்லு, நான் கேக்குறேன். பிகெட்டுன்னா இன்னா?”

“பெத்துக்கிறது. ஆம்பளைக்குச் சொல்றது.”

“ஆம்பள எங்க பெத்தான்? மூணு புள்ளைக்கும் பொன்னேரி ஆஸ்பத்திரில படுத்துகினு கத்துனது நானு. நீ வெளிய பஜ்ஜி துன்னுகினு இருந்த.”

“பழைய இங்கிலீஷ் அப்டிதான் ஹெலன்.”

“இருக்கட்டும். ரீக்?”

“கேடு உண்டாக்குறது. நல்லதுக்குச் சொல்ல மாட்டாங்க.”

“உங்க அக்கா வந்துட்டுப் போறதுக்குச் சொல்லலாமா?”

சொல்லலாம் என்றுதான் ஜெரால்டுக்கும் பட்டது.

“என்ஜெண்டர்?”

“மெதுவா உள்ளுக்குள்ள உண்டாக்குறது. சந்தேகம், கசப்பு, அந்த மாதிரி.”

“எனக்கு ரெண்டு வாரமா அதான் ஆவுது. அதான் பக்கத்து ஊட்டு சாலமோன் அண்ணனக் கேட்டேன், உங்க ஆபீஸ்ல கீறாரே, அவரத்தான். நீ பேரே குடுக்கலியாமே.”

ஜெரால்ட் தலையணையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான்.

“வேல அலுப்புல மறந்துருப்ப. நானே எழுதி அவராண்ட குடுத்துட்டேன். சனிக்கிழம பரிச்ச. எந்திரி, இன்னொரு வாட்டி சொல்லு.”

அந்த வாரம் முழுக்க அவள் விடவில்லை. பல் விளக்கும்போது ஒரு வார்த்தை, நாஷ்டாவுக்கு ஒரு வார்த்தை. அவனுக்குப் பேஜாராகிவிட்டது. சரி, போய் உட்கார்ந்து தோற்றுவிட்டு வந்தால் போகிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

பரீட்சையில் ஒரே கேள்வி. ஒரு மிஷின் எப்படி நின்றது, எழுது. ஜெரால்ட் யோசித்தான். செத்துப்போன வார்த்தைகளை எல்லாம் கொட்டினால் எவன் வேலை கொடுப்பான்? தளர்ந்த போல்ட் ஆட்டத்தைப் பெற்றெடுத்தது என்று எழுதினான். ஆட்டம் சூட்டை ஈன்றது என்றான். சூடு பேரிங்குக்குக் கேடு விளைவித்தது, பேரிங் ஆலைக்கே நாசம் செய்தது என்று பழைய இங்கிலீஷில் ஒரு பக்கம் நிரப்பிவிட்டு, நிச்சயம் தோற்றோம் என்ற சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்தான்.

பத்து நாள் கழித்து மேனேஜர் கூப்பிட்டார். மற்ற பதினோரு பேரும் ‘மிஷின் ப்ராப்ளம் சார்’ என்று ஒரே வரியில் முடித்திருந்தார்களாம். எதிலிருந்து எது வந்தது என்று வரிசையாகச் சொன்னவன் ஜெரால்ட் ஒருவன்தானாம். கையைப் பிடித்துக் குலுக்கி ஆர்டரைக் கொடுத்தார். ஷிப்ட் இன்சார்ஜுக்கு ஞாயிறு டூட்டி கட்டாயம், வார லீவு புதன்கிழமை.

ஆர்டரை நாலாக மடித்துப் பையில் திணித்துக்கொண்டு ஜெரால்ட் வீட்டுக்கு நடந்தான். பதினெட்டு வருஷமாக ஆசைப்பட்ட ஒரே ஒரு நாளும் போயிற்று. ரயில்வே கேட்டில் நிற்கும்போதுதான் பொறி தட்டியது. புதன்கிழமை பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். ஹெலன் கம்பெனியில். வீட்டில் அவனும் ஃபேனும் மட்டும். கேட் திறந்தபோது அவன் ஏறக்குறைய ஓடினான்.

வாசலில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஆர்டரை நீட்டினான்.

“இனிமே ஞாயித்துக்கிழம டூட்டி ஹெலன். லீவு புதன்கிழமதான். இன்னா பண்றது.”

“தெரியும், ஆர்டர் ரெடியாவும்போதே சாலமோன் அண்ணன் சொன்னாரு,” என்றாள் ஹெலன். “நானும் போன வாரமே கம்பெனில எழுதிக் குடுத்து என் லீவ புதன்கிழமைக்கு மாத்திக்கினேன்.”