கால் இல்லாத பெண்ணும் ஒரு கொடுவா மீனும்

இந்த இரண்டு கத்திகளும் ஒரு வெங்காயத்தைக்கூடத் தொடக்கூடாது என்று சுப்ராயன் முடிவெடுத்தது, கடல் ஊருக்குள் வந்துபோனதற்கு அடுத்த கோடையில்.

குயிலாப்பாளையத்து விடுதியில் அவன் தோட்டவேலை. அங்கே தங்கியிருந்த ஜப்பான்காரர் ஊர் திரும்பும்போது கொடுத்த மடக்குக் கத்திகள் அவை. ஒன்றின் பிடியில், நகம் முளைத்த அலை. மற்றதில், கூந்தலை அவிழ்த்துவிட்ட வெள்ளுடைப் பெண். இடுப்புக்குக் கீழே வெறும் புகை. அந்த நாட்டுப் பழைய ஓவியங்களாம். வெட்டுவதற்கல்ல, வைத்துப் பார்ப்பதற்கு.

சுப்ராயன் வைத்துப் பார்த்தான். கதவுக் கீலே உப்புக்காற்றில் இற்றுப்போகிற தன் ஊர் மரக்காணத்தில், தினமும் தேங்காயெண்ணெய் தடவி மஞ்சள் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தான். மனைவி கலைமதியின் தலைக்குக்கூட அவ்வளவு எண்ணெய் கிடைக்கவில்லை.

அவளுடைய அரிவாள்மனை துருப்பிடித்து ஒடிந்த அன்று வினை வந்தது.

"ஏங்க, அந்த ஜப்பான் கத்தியக் குடுங்க. மீன் ஆயணும்."

"தொடாத. அதுல இருக்கிறவ செத்தவ. ரத்த வாடை பட்டா வெளிய வந்துடுவாளாம். அவரே சொல்லிட்டுப் போனாரு."

"காலக் காணோமே."

"அதான் சொல்றேன்."

"வந்தா இன்னா பண்ணுவா?"

"வூட்டு ஆம்பளைய இழுத்துக்கினு போயிடுவா."

"எங்க?"

"கடலுக்கு."

அந்த வருஷம் அந்த வார்த்தையை யாரும் விளையாட்டாகச் சொல்வதில்லை. சொன்ன வாய் அவனுக்கே கசந்தது. கலைமதி மீனை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

பொய், சொன்னவனைத்தான் முதலில் பிடித்தது. எண்ணெய் தடவும்போது அந்தப் பெண்ணின் முகம் நேற்றைவிடச் சற்றுத் திரும்பியிருப்பதாகப் பட்டது. அலையின் நகம் விரலருகே வந்திருந்தது. உப்புப் பாத்திகளின் வரப்பில் நடக்கையில், தண்ணீரில் தன் நிழலோடு இன்னொரு நிழலும் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போனான்.

ஒரு நாள் அந்தியில் வீடு திரும்பினால் பெட்டியில் மஞ்சள் துணியைக் காணோம்.

கலைமதி கூலிக்கு உப்பு வாரும் அளத்துக்கு ஓடினான். ஆள் அரவமில்லை. வெளிறிய வெளிச்சத்தில் உப்புக் குவியல் தானே ஒளிர்வதுபோல் நின்றது. அதன் மேலே ஒரு பெண். வெள்ளை உடை, அவிழ்ந்த கூந்தல். இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை.

சுப்ராயன் வரப்பில் பின்னாலேயே நகர்ந்தான்.

"இன்னாங்க, இங்க வந்து நிக்கிறீங்க?"

குவியலுக்குப் பின்னாலிருந்து கலைமதி இறங்கி வந்தாள். சேலைமேல் போட்டிருந்த அவனுடைய பழைய சட்டை உப்புப் படிந்து வெளுத்திருந்தது. கால்கள் இருந்தன.

"கத்தி எங்கடி?"

"உள்ள பொதச்சிட்டேன். பேயக் கட்ட உப்புதான். எங்கம்மா வூட்ல ஒரு கை கல்லுப்புதான் போடுவாங்க. நமக்கு மலையே இருக்குதே."

"எப்பப் பொதச்ச?"

"காலையில."

ஒரு பகல் முழுக்க, உப்புக்குள். அலையும் பெண்ணும் துருவேறிச் சிவந்து உதிர்வதை அவன் மனக்கண்ணில் கண்டான்.

"பேயும் இல்ல, பிசாசும் இல்ல. நான்தான் புளுகினேன்."

"அப்ப ஜப்பான்காரரு?"

"அவரு ஒண்ணும் சொல்லல."

"மீன் ஆயலாமா?"

"இன்னா வேணா ஆஞ்சிக்க. எடத்தக் காட்டு."

அவள் காட்டிய இடத்தில் இரண்டு கையாலும் தோண்டினான். நக இடுக்கில் உப்பு எரிந்தது. மஞ்சள் துணி கிடைத்தது. பிரித்தான்.

உள்ளே, அரிவாள்மனையின் ஒடிந்த துண்டு.

"காலையிலயே கொடுவா ஆஞ்சாச்சு," என்றாள் கலைமதி, கூந்தலை முடிந்துகொண்டே. "செதிலுக்கு அந்தப் பொம்பள, தலைக்கு அந்த அலை. யாரும் வெளிய வரல. வூட்டு ஆம்பளைய நானே இழுத்துக்கினு போறேன், வாங்க, கொழம்பு ஆறுது."